மடித்த தாள்

ஹமமத்ஸுவில் மணி மூன்று.
லோந்த்ரினாவிலும் மூன்றுதான்.
அங்கே வெயில், இங்கே இருட்டு.
எண் மட்டும் ஒன்று.

எட்மில்சன் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
அப்பாவின் தாடை தெரிந்தது, பிறகு கூரை,
பிறகு யாரோ ஒரு பெண்ணின் முழங்கை.
மறுநாளே அடக்கம்.
விமானத்துக்கு முப்பது மணி நேரம்.
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
குழிக்குள் இறக்கும்போது படம் உறைந்துபோனது.
அப்பா பாதி வழியில் நின்றார்,
இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

ஞாயிறு. மூடிப்போன சூதாட்டக் கூடத்தின்
மாடியில் எங்கள் சபை.
"கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்" என்றார் போதகர்.
ஆமென் சொன்னேன்.
லாரி ஓட்டியே கூன் விழுந்த முதுகு,
இளைப்பாறட்டும்.
ஆனால் கடைசிச் சவரம் செய்தது யார்?
இடது கன்னத்தில் ஒரு மரு,
கத்தி பார்த்துப் போக வேண்டும்.
கர்த்தருக்குத் தெரியும்,
எட்மில்சனுக்குத் தெரியுமா?

அதன்பிறகு ஜெபம் வரவில்லை.
முழங்கால் போட்டால்
முழங்கால்தான் வலிக்கிறது.

திங்கள் இரவு, கியர்ப்பெட்டி வரிசையில்
சகாகிபாரா சான்
(மூன்று வருடத்தில் என்னிடம் அவர் பேசியது
கையுறை, வேகம், நன்றி)
இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினார்.
கறுப்பும் வெள்ளையுமாய்க் கயிறு.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு,
அவர்கள் எழுத்தில் என் பெயர்: இவோநெச்சி.
சம்பளச் சீட்டில் இருக்கிற மாதிரி அல்ல,
அப்பா கூப்பிடுகிற மாதிரி.

உள்ளே ஒரே தாள், நடுவில் மடிப்பு.
புதுத் தாள் வைக்கக்கூடாதாம், மினாகோ சொன்னாள்.
சாவுக்கென்று முன்கூட்டியே
எடுத்து வைத்தது போல் ஆகிவிடுமாம்.
புதிதாக இருந்தால்
மடித்துப் பழசாக்கித் தருவார்களாம்.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தேன்.
சங்கீதங்களுக்கு நடுவே
பயணச்சீட்டுக்கு இரண்டு வருடமாய்ச் சேர்த்த தாள்கள்,
ஒரு சுருக்கம் இல்லை.

எதற்கு வைத்திருந்தேன், ஆண்டவரே?
கிறிஸ்துமஸுக்குத்தானே?

ஒவ்வொன்றாய் எடுத்து மடித்தேன்,
நகத்தால் அழுத்தி.
பதினேழாவது தாளில் வாய் தானாகத் திறந்தது.
ஜெபமா அழுகையா,
பிரித்துப் பார்க்கவில்லை.

வாங்கியதில் பாதியைத் திருப்பித் தருவது இங்கே வழக்கம்.
சில வாரம் கழித்துக் காப்பித்தூள் கொடுத்தேன்,
பரானா மண்ணில் விளைந்தது,
அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை.
சகாகிபாரா முகர்ந்தார்.
நான் இதுவரை கேட்டிராத
ஒரு சொல் சொன்னார்.

அர்த்தம் நாளைக்கு
மினாகோவிடம் கேட்க வேண்டும்.