மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

அழைப்பிதழில் நஸீஹ் என்று
முழுப்பெயர் எழுதியிருந்தாள் யும்னா.
லிஃப்ட்காரர் என்று எழுதவில்லை.
அதற்காகவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

கரந்தீனாவில், துறைமுகத்துக்குப் பின்னால்,
ஒரு காலத்தில் தக்காளி விழுதை டப்பாவில் அடைத்த கிடங்கு.
இப்போது உள்ளே சுவரெல்லாம் வெள்ளை.
வாசலில் ஒருத்தி கையில் பட்டியலைத் திணித்தாள்:
பதினொரு பேர், எல்லோருக்கும் முப்பதுக்குள் வயது,
பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் ஒன்று.
மோசுல், லைப்சிக்.
ஓம்துர்மான், கெய்ரோ.
ஒருத்திக்கு மட்டும் இரண்டும் பெய்ரூத்.
அச்சுப்பிழையா என்று யாரோ கேட்டார்கள்.

மோசுல் பையன்
எக்ஸ்ரே படங்களைத் தைத்துத் திரைச்சீலையாக்கியிருந்தான்.
யாருடைய விலா எலும்புகளோ
காற்றுக்கு விலகி விலகி மூடின.
அழகாக இருந்தது.
அப்படிச் சொல்லலாமா, தெரியவில்லை.
பக்கத்தில் நின்றவர் "ம்" என்றார்.
நானும் "ம்" என்றேன்.
இங்கே அது போதும் போல.

ஓம்துர்மான் பெண் தன் தெருவை
ஒரே காகிதச் சுருளில் மையால் வரைந்திருந்தாள்,
கடை கடையாக, பெயர்ப்பலகை பலகையாக.
மறந்துபோன கடைகளுக்கு வெற்றிடம்,
அதையும் அளந்து விட்டிருந்தாள்,
கடையின் அகலத்துக்குச் சரியாக.
ஒரு வெற்றிடத்தின் முன்னால் மட்டும்
செருப்பு ஒரு ஜோடி வரைந்திருந்தது.
உள்ளே யாரோ சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

யும்னாவுடையது கடைசி அறை.
அந்தக் கம்பிக்கூண்டை எனக்குத் தெரியும்.
சல்லூம் கட்டடத்து லிஃப்ட்,
எடைக்குப் போட்டபோது
கிலோவுக்கு விலை பேசிக் கொடுத்தவனே நான்.
பதினேழு வருஷம் என் கை கிரீஸ் தின்ற கதவு.
எதற்கு இவளுக்கு இது என்று கேட்கவில்லை.
படித்த பிள்ளைகள் என்னென்னவோ வாங்குகிறார்கள்.

மின்சாரம் போய் நடுவழியில் நிற்கும்போதெல்லாம்
போனில் பதிந்து வைத்தாளாம், ஆறு வருஷம்.
இரண்டிரண்டு பேராக உள்ளே விட்டார்கள்.
கதவைச் சாத்தினால் குரல்கள்:
ஐஸ்கிரீம் உருகுகிறதே என்று ஒரு அம்மாள்.
வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று
வாய்க்குள் ஒத்திகை பார்க்கும் ஒருவர்,
மூன்று முறை, மூன்று விதமாக.
எண்பத்தாறு வரை எண்ணிவிட்டு
ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கும் ஒரு குழந்தை.

பிறகு, போன் ஸ்பீக்கரில், கரகரவென்று:
"பயப்படாதீங்க. வந்துட்டேன். கதவுல சாயாதீங்க."

என் குரல்.
மெலிந்த, இன்னும் சிகரெட்டை விடாத குரல்.
பொய்க் குரல்.
எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது,
அப்போது நான் தௌராவில், நெரிசலில்,
மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தேன்.
அந்தப் பொய்க்கு உள்ளே யாரோ
"அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விடுவதும்
பதிவாகியிருக்கிறது.
அதை நான் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து நிஜமாகவே மின்சாரம் போனது.
வெளியே எல்லோரும் கை தட்டினார்கள்.
என்னோடு நின்ற பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
"இதுவும் படைப்பில் சேர்த்தியா?" என்றாள்.
"தரையிலதாம்மா இருக்கோம். கதவைத் தள்ளுங்க."
அவள் தள்ளவில்லை.
நானும் தள்ளவில்லை.
ஜெனரேட்டர் இருமி எழும்ப நாற்பது விநாடி.

வெளியே வந்ததும் யும்னாவிடம் சொன்னேன்,
எதிர்எடையைத் தப்பான பக்கம் தொங்கவிட்டிருக்கிறாய்.
சிரித்தாள். அழுதிருந்தாள் என்றும் தோன்றியது,
விளக்கு மஞ்சள், உறுதியாகச் சொல்ல முடியாது.
"அப்படியே இருக்கட்டும்" என்றாள்.
இருக்கட்டும். யாரும் ஏறப் போவதில்லை.

பாக்கெட்டில் போன் துடித்தது.
ஃபுர்ன் எஷ்ஷுப்பாக்கில், ஆறாவது மாடிக்குக் கீழே, இரண்டு பேர்.
"பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்றேன்,
தட்டிலிருந்து இன்னொரு சம்பூசக்கை
எடுத்தபடியே.