மூலையில் ஒரு சாமி

டர்பனில் அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்:
சாமி.
கும்பிட மாட்டார்கள், கூப்பிடுவார்கள்.
முனுசாமியும் சாமி, ஆறுமுகமும் சாமி,
தாண்டவராயன் நானும்.

ஓல்ட்ராய்ட் துரை மாலை ஐந்துக்கு வருவார்.
பாரின் கோடி மேசை, இரட்டை ஜின்,
காதில் செருகிய பென்சில்.
யார்க்‌ஷயரில் கசாப்புக் கடைக்காரர் பிள்ளை;
இறைச்சி சுற்றும் தாளில் பன்றி போட்டுப் பழகிய கை.
"பன்றி வந்துவிட்டால் போதும் சாமி,
அப்புறம் தொப்பியைத்தான் மாற்ற வேண்டும்."
மறுநாள் பேப்பரில்
தொப்பிக்குக் கீழே மந்திரி இருப்பார்.

ஒவ்வொரு படத்திலும் வலது மூலையில்
கட்டைவிரல் உயரத்துக்குத்
தட்டேந்திய வெயிட்டர்.
முகம் கிடையாது.
கிரே தெரு சலூனில் கண்டுபிடித்துவிட்டார்கள்:
"அடே, இது தாண்டவராயன் கவட்டைக் கால்!"

ஐம்பத்தெட்டில் ஊரை நிறம் பார்த்துப் பிரித்தார்கள்.
துரை வரைந்தார்:
மந்திரி கையில் அடிக்கோல்,
அது போட்ட கோடு தெருவைத் தாண்டி, வாசலைத் தாண்டி,
கட்டிலில் தூங்கும் இருவரின்
தலையணைகளுக்கு நடுவே போகிறது.
கேட்டோ மேனரில் என் வீடு
கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
ஐஸ் போட்டேன்.

ரகசியப் போலீஸ் இருவர் வந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்தார்கள்.
"படத்தில் இருப்பது நீயா?"
"எங்களில் யாரைப் பார்த்தாலும்
ஒரே மாதிரி இருக்கிறது என்பீர்களே ஐயா,
எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அறுபதில் அவசர நிலை.
ஒரு காலை, படம் வரும் இடம் முழுக்க வெள்ளை.
மூலையில் வெயிட்டர் மட்டும்,
தட்டில் ஒரு துண்டுச் சீட்டோடு.
அந்த வாரமே துரை மெயில் கப்பல் ஏறினார்.

பாக்கி பதினொரு பவுண்டு ஏழு ஷில்லிங்.
மானேஜர் என் சம்பளத்தில் பிடித்தார்.
நடுவில் நாட்டின் காசு மாறியது:
இருபத்திரண்டு ராண்டு எழுபது சென்ட்.
அதையும் பிசகாமல் பிடித்தார்.

லண்டனில் அவர் படத்துக்கு யாரும் சிரிக்கவில்லையாம்.
அங்கே பன்றிகள் நல்ல தையற்காரரிடம் தைத்துக்கொண்டவை.
காலண்டருக்குப் பூனை வரைந்து பிழைத்தார்,
ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் ஆர்ட் காலரியில் அவர் படங்கள்.
எண்பது தாண்டிய கவட்டைக் காலோடு போனேன்.
ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள்:
மூலையில் நிற்பவன் ஓவியனின் மனசாட்சி,
தட்டில் இருப்பது விடுதலை கேட்கும் மனு.

கண்ணாடியைக் கழற்றி
சட்டத்தில் மூக்கு இடிக்கப் பார்த்தேன்.
பொடி எழுத்து.
பதினொன்று. ஏழு. சைபர்.

தெரிந்தேதான் போயிருக்கிறான், பாவி.

வாய்விட்டுச் சிரித்தேன்.
அவர் படத்துக்கு நான் சிரித்தது
அதுதான் முதல் தடவை.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
கால் கடுத்தது, நாற்காலி தேடினேன், இல்லை.
வலது மூலை காலியாக இருந்தது.
போய் நின்றுகொண்டேன்.