நாற்பத்தொன்று

டுலூத் துறைமுகம் உறைந்த வாரம்
பார்சல் வந்தது.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி;
வெங்காயம்போல் உரித்தேன்.
"கடைசியில் கண்ணீர்தான்" என்றாள் மார்லிஸ்.
விலையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மொத்தம் முந்நூறு பிரதி. என்னுடையது நாற்பத்தொன்று.
இருபத்திரண்டு வருடமாய் அந்தப் பதிப்பகத்தில்
எனக்கு அதே எண்தான்.
ஊரார் கொதிகலன்களில் கைசுட்டுக்கொண்ட காசெல்லாம்
முதுகு காட்டி அலமாரியில் நிற்கிறது.

முந்நூறு வெற்றுத்தாளில் முதலில் கையெழுத்திட்டார்,
பிறகு செத்தார்,
பிறகுதான் புத்தகம் அச்சேறியது.
தான் காணாத ஒன்றுக்கு
பேனா சறுக்கிய ஒரு சாட்சி.

மார்ச்சில் திரியெஸ்தேயிலிருந்து கடிதம்.
பியெரோ கொஸ்ஸுத்தா, பல் மருத்துவர்:
"நாற்பத்தொன்று என்னிடமும் இருக்கிறது.
உங்கள் பிரதியிலும் நான்கின் கால் வளைந்திருக்கிறதா?"

வளைந்திருந்தது.

அறுநூறு பேய்க்கதை அடுக்கிய அறையில்
முதன்முதலாய் எனக்கு முதுகு சில்லிட்டது.

பதில் எழுதினேன்: "படித்துவிட்டீர்களா?"
"ஐயோ, தாள் மடிப்பை வெட்டினால் பாதி விலைகூடத் தேறாதே. நீங்கள்?"

மார்லிஸ் சத்தமாய் வாசித்துக்காட்டி
வெண்ணெய்க்கத்தியைத் துடைத்து நீட்டினாள்.
"ஒற்றைப்பிரதி என்று இனிப் பீற்றிக்கொள்ள முடியாது.
என்னதான் எழுதியிருக்கிறான், பார்ப்போம்."

முதல் மடிப்பு கிழிபடும் ஓசை
பனியில் கால் வைத்தது போலிருந்தது.
மடியெல்லாம் தாள்தூள்.
விடியும்வரை மாறிமாறி வாசித்தோம்;
நடுவில் ஐம்பது பக்கம் சுமார்தான்.

காலையில் அட்டையை மூடும்போது உறைத்தது:
வெட்டாத நாற்பத்தொன்று
உலகில் இப்போது ஒன்றே ஒன்று.
பல் மருத்துவருக்கு
இதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?