நிகர எடை

பர்கூர் சாலையில் மாங்கூழ்த் தொழிற்சாலை.
எடைமேடைக் கூண்டில் எனக்கு இரவுப் பணி.
ஆனி பிறந்துவிட்டால்
வண்டிகளின் வால் பஞ்சர் கடையைத் தாண்டி,
பெட்ரோல் பங்க்கைத் தாண்டி,
இருட்டுக்குள் எங்கோ போய் முடியும்.

மூன்று தாள் சீட்டு.
வெள்ளை ஓட்டுநருக்கு, ரோஸ் கணக்கருக்கு,
மஞ்சள் எனக்கு.
மஞ்சளை இதுவரை யாரும் கேட்டதில்லை.
அதன் முதுகில்தான் எழுதுகிறேன்.

நேற்று எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று கதைகள்.
‘முடிந்தவை’ என்று பெயர் ஒட்டிய பிஸ்கட் டப்பாவில்
இப்போதைக்குக் குண்டூசி இருக்கிறது.

பூங்காவனம்
போச்சம்பள்ளி பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி
பதினொரு மாதமாய் நிற்கிறாள்.
மறுகால் தரையில்.
கையில் தூக்குவாளி. உள்ளே என்ன என்று
நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.
ரசம் என்றால் இந்நேரம் நுரைத்திருக்கும்.

திம்மராயன் தொப்பூர் கணவாயில்
கவிழ்ந்த லாரியிலிருந்து கீறலின்றி இறங்கி
வீட்டுக்குப் போகாமல் எதிர்த்திசையில் நடந்தான்.
நடக்கிறான்.
ஒற்றைச் செருப்போடு அனுப்பிவிட்டேன், அது என் தப்பு.

சுங்கச்சாவடி நான்காம் பாதையில் ஒருத்தி.
முகம் பார்க்கமாட்டாள், நீளும் கைகளை மட்டும்.
ஓடிப்போன அப்பாவின் கை ஒருநாள் நீளும் என்று
முதல் பத்தியிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன்.
அப்புறம் ஃபாஸ்டேக் வந்தது.
யாரும் கை நீட்டுவதில்லை.

ஒரே வீட்டில் இரண்டு முறை திருடியவன்,
காவேரிப்பட்டணத்துப் பல் மருத்துவரின் மாமியார்,
பெயர்கூட வைக்காத ஒரு பையன்;
அணை மதகுகளை எண்ணிக்கொண்டே இருக்கிறான்,
ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுகிறது.
ஒருவருக்குப் பரிமாறினால்
இன்னொருவர் இலையை இழுக்கிறார்.

புதுசு வருவதோ நேரங்காலம் பார்ப்பதில்லை.
சிலிண்டர் மாற்றும்போது,
நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்தில்
தாம்பாளத்தைக் கையில் வாங்கும்போது.
ஒரு வரி குறித்துவிட்டால் அன்று முழுக்க
என் நடையே வேறு.
மூன்றாம் நாள் அதுவும் வரிசையில் கடைசி லாரி.

ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டி
நாவல் என்றேன்.
உள்ளே கூழ் கிண்டுகிறவர்கள் சொல்வதுதான் நடந்தது:
நாலு ரகம் கலந்தால் நிறம் வரும், மணம் வராது.

போன செவ்வாய், இரவு இரண்டரை.
குப்பத்து வண்டி, பெங்களூரா, மேடையேறி நின்றது.
இருபத்தாறாவதாய் நிற்கிறவர் ஜன்னலைத் தட்டினார்.
“செந்தூரா மேடம். ஒழுகுது. என்னை முதல்ல விடுங்க.”
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்.
பின்கதவு இடுக்கிலிருந்து தார்வரை ஒரு கோடு.
ஈக்கள் தூங்கப் போகவில்லை.
விட்டேன்.
முன்னால் நின்ற அத்தனை ஹார்னும் ஒரே குரலில் ஏசின.
மேனேஜர் புருஷோத்தமன் காலையில் கேட்டது வேறு கதை.
(பாருங்கள், இருபத்துநாலு.)

கொட்டிவிட்டு வெறும் வண்டி திரும்பி வந்தது.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால் பழம்.
வழியில் ஒழுகியது
எந்த நிறச் சீட்டிலும் ஏறாது.

கூண்டுக்குள் வந்து மஞ்சள் கட்டைப் பிரித்தேன்.
எது ஒழுகுகிறதென்று ஒவ்வொன்றாய் மோந்தேன்,
நிஜமாகவே மூக்கில் வைத்து.
எல்லாவற்றிலும் கார்பன் வாசனை.
பூங்காவனம் தாளில் மட்டும் ஒரு வட்டக் கறை.
என் டீயாக இருக்கலாம்.
அவள் வாளியாகவும் இருக்கலாம்.

‘பஸ் கிளம்பியது’ என்று எழுதினேன்.
பதினொரு மாதத்துக்கு இரண்டே சொல்.
மறுகாலை உள்ளே இழுத்தவள் தடுமாறிக்
கம்பியைப் பிடித்தாள்.
மரத்துப் போயிருக்காதா பின்னே.

பின்பக்கமிருந்து கண்டக்டர் வருகிறார்.
நான் அவரைக் கூப்பிடவில்லை.
விசில், தோல்பை, விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்.
ஒரு காலில்தான் செருப்பு.

“எங்கம்மா போகணும்?”

பூங்காவனம் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.
வெளியே அடுத்த லாரி மேடையேறிவிட்டது.
சிவப்பு எண்கள் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து,
இன்னும் நிற்கவில்லை.