மாகாணி

எதிரொலி அடங்கத்தான் கேட்டார்கள்.
எங்கள் ஊரின் புதுக் கூடத்துக்குத் தகரச் சுவர்.
ஒருவர் பேசினால் நால்வர் பேசுவதாகக் கேட்கும்,
ஒருவருக்கும் விளங்காது.
சுவர் நிறைய ஒரு குவில்ட் தை, ஒரீசியா,
உனக்குத்தான் அளவு தெரியும் என்றார்கள்.
சஸ்காச்சுவான் கோதுமை லாரிகளை
முப்பது ஆண்டு எடைபோட்டவள் நான்.
ஓட்டுநரின் மதியச் சாப்பாடு வரை கழித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவேன்.

வீட்டுக்கு ஒரு கட்டம்.
பன்னிரண்டரை அங்குலச் சதுரம்,
ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்கவும்
என்று தபால் நிலையக் கதவில் ஒட்டினேன்.
நூற்று அறுபத்தெட்டு வந்தன.
சொன்ன அளவில் வந்தவை இருபத்தொன்று.

அவரவர் கால் அவரவர்க்கு.
டேவிடியுக் வீட்டுக் கால் பெருங்கால்.
ஆர்டிஸ் ட்வெய்ட்டின் கால் கஞ்சக் கால்.
லோர்ன் பல் இடுக்குக்கான நூலால் தைத்திருந்தான்;
இஸ்திரி வைத்தால் புதினா மணம்.

பெரியதை வெட்டினால் சரியாகிவிடும் என்று
ஃபேய் ஓல்சனின் நட்சத்திரத்தில்
எட்டு முனைகளையும் அறுத்தேன்.
பல்சக்கரம் ஆயிற்று.
தொலைபேசியில் சொன்னேன். "ஓ" என்றாள்.
அந்த ஓவை நிறுக்க என்னிடம் தராசு இல்லை.

மாகாணிதானே என்பீர்கள்.
பன்னிரண்டு மாகாணி முக்கால்.
மூன்று வரிசை தைத்து நிமிர்ந்தால் ஓரம் படிக்கட்டு.
பிரித்தேன். தைப்பதற்கு ஒரு மாலை என்றால்
பிரிப்பதற்கு மூன்று.

பிறகுதான் இடைப்பட்டை.
நீலப் பருத்தி, இரண்டு அங்குலம்,
அதன்மேல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பென்சில் கோடு.
குறைந்தது கொஞ்சம் இழுபட்டு வரும்,
மிகுந்தது கொஞ்சம் சுருங்கி அமரும்,
எவரும் பக்கத்து வீட்டை நேராகத் தொடவேண்டியதில்லை.

ஒற்றை வரிசையின் மடிப்பை இடப்பக்கம் தேய்,
இரட்டை வரிசையை வலப்பக்கம்.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சந்திப்பில் மேடு.
இது ஏழு ஊசி முறிந்த பிறகு வந்த அறிவு.

ஏப்ரலில், பனி எடுத்த கர்லிங் அரங்கின் தரையில்
காலுறையோடு நடந்து பரப்பினோம்.
போதான் ஏணி ஏறிக் கறுப்புவெள்ளையில் படம் எடுத்தான்.
நிறம் போனதும் தெரிந்தது,
வெளுப்பெல்லாம் ஒரு மூலையில் கூட்டம் போட்டிருந்தது.
கலைத்து வைத்தோம்.
ஒன்பதாம் வரிசையில் ஒரு களஞ்சியம் தலைகீழாக நின்றதை
படத்திலும் யாரும் பார்க்கவில்லை.
தைத்து முடித்தபின் ஆன்டனிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"புயலுக்குப் பிறகு என் களஞ்சியம் அப்படித்தான் கிடந்தது,
நீ வந்து பார்த்தாயா?" என்றான்.

பஞ்சும் அடித்துணியும் சேர்ந்ததும்
போர்வையின் கனமே ஊசியை இழுத்தது.
இரண்டு இஸ்திரிப் பலகை, ஒரு பிங்பாங் மேசை,
இரண்டு தோள்கள் அதைத் தாங்கின.
முடிந்த அன்று, பழக்கதோஷம்,
எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன்.
லாரிக்கான மேடை. முள் அசையவில்லை.

தொங்கவிட்ட மறுநாள் கூட்டம்.
சரளைச் சாலை வரி.
லோர்ன் இத்தனை நாள் என்ன சொல்லிவந்தான் என்பது
முதன்முறையாக எல்லோருக்கும் கேட்டது.
பதினொன்றரை வரை சண்டை,
ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக.

பல்சக்கரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன்.
தாமதமாக வந்த ஃபேய் ஓல்சன் அண்ணாந்து பார்த்தாள்,
என் பக்கத்து நாற்காலியை விட்டு
அடுத்ததில் அமர்ந்தாள்.
இரண்டு அங்குலத்தைவிட அகலம்தான்.
ஆனாலும் அதே வரிசை.