கேஸ் இல்லாத சோடா

"இன்னா பாய், கேஸே இல்லியா? சப்புன்னு கீது."
கல்மண்டபம் முனையில் அண்ணன் சண்டை பிடிக்கிறான்.
நசீம் பாய் இன்னொரு பாட்டிலை உடைக்கிறார்.
கோலி இறங்கும் சத்தம், அவர் முழங்கை வரை நுரை.
அதுவும் சப்பென்றுதான் இருக்கிறதாம்.

எனக்குக் காரணம் தெரியும்.
ஸ்டான்லியில் எழுதிக்கொடுத்த வெள்ளை மாத்திரை,
தினம் மூன்று வேளை, கண் அழுத்தத்துக்கு.
விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்பானே,
அதுவும் அதனால்தான்.

நான்கு வருடமாகக் கிண்டியில்
நான் பார்த்துக்கொண்டிருப்பதே
அந்த மாத்திரை போய் உட்காரும் இடத்தை.
பாக்டீரியாவில் வளர்த்து வடித்த மனித நொதி,
உப்புக் கரைசலில் வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த
கடுகில் கால்வாசிப் படிகம்.
எக்ஸ் கதிர் சிதறிய புள்ளிகளிலிருந்து
திரும்பக் கட்டினேன்:
புனல் மாதிரி ஒரு பள்ளம்,
அடியில் ஒற்றைத் துத்தநாகம்,
அதை மூன்று பக்கம் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின்கள்,
நான்காம் பக்கம் ஒரு தண்ணீர்.
புரோட்டான் ஒன்றை இழந்து தண்ணீர் கூராகும்.
சுவரோரம் ஒதுங்கிய கரியமில வாயுவை
ஒரே கொத்து.
பைகார்பனேட். நீ போ. அடுத்தது வா.
நொடிக்குப் பத்து லட்சம்.

மிஞ்சிய புரோட்டானை வெளியே அனுப்புவதுதான் திண்டாட்டம்.
உள்ளிருக்கும் தண்ணீர்கள் வரிசையாய்க் கைமாற்றி விட,
வாசலில் அறுபத்து நான்காம் ஹிஸ்டிடின்
உள்ளே சாய்ந்து வாங்கும்,
வெளியே திரும்பி இறக்கும்.
துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து
அண்ணன் பத்தொன்பது வருடமாகச் செய்வது.

என் வரைபடத்தில் அந்த ஓர் எண் மட்டும் தெளியவே இல்லை.
உள்ளே பாதி, வெளியே பாதி என்று
இரண்டு இடத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

மாத்திரை வந்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்
துத்தநாகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.
கண்ணுக்குள் சுரப்பது குறையும்.
நாக்கில் இந்த நொதிக்கு ஓர் உடன்பிறப்பு,
சோடாவின் சுருக்கை அறிவது அதுதான்.
மாத்திரை அதையும் விடாது.

இதைச் சொல்லிச் சண்டையை நிறுத்திவிடலாம்.
ஆனால் பெஞ்சில் இரண்டு பேர்,
அண்ணனோடு ஷிஃப்ட் மாறுகிறவர்கள்.
மாத்திரை என்றால் எதுக்கு என்பார்கள்.
கண்ணுக்கு என்றால்
ஓரம் எவ்வளவு போச்சு என்பார்கள்.
நாற்பதடி கன்டெய்னர். கீழே ஆட்கள்.

அமலதாசன் என்னைப் பார்க்கிறான்.
நேராகத்தான் பார்க்கிறான்,
இப்போதெல்லாம் நேராக மட்டும்தான்.

அவன் மிச்சம் வைத்த பாட்டிலை வாங்கிக் குடித்தேன்.
சுருக்கென்று மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் முட்டியது.
"ஆமா பாய்," என்றேன், "சப்புன்னுதான் இருக்கு."

நசீம் பாய் ஒன்றும் பேசவில்லை.
நேற்றுத்தான் மாட்டிய சிலிண்டரைக்
கழற்ற ஆரம்பித்தார்.