வூச் நகரில் ஒரு மணிக்கட்டு

ஈரத் தண்டவாளம்
சைக்கிள் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது.
அப்புறம் வானம். அப்புறம் சக்கர நாற்காலி.

கால்சட்டையெல்லாம் சிவப்பு.
நர்ஸ் கத்தரியோடு குனிந்தாள்.
இரண்டு வருஷமாய் நாக்கில் வழுக்கிய போலிஷ் மொழி
அந்த நொடி பிசகாமல் வந்தது:
"பார்ஷ்ச்!"
பீட்ரூட் சூப், சகோதரி.
இருப்பது இந்த ஒரு ஜீன்ஸ்.

கத்தரி நின்றது. சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.
"வலி? பத்துக்கு எத்தனை?"
ஏழு என்றேன்.
ஒன்பதுதான்.
கூடச் சொன்னால் பில்லும் கூடுமோ?

மேஜையில் என் போன் அலறிக்கொண்டே இருந்தது.
நான்காவது மாடிக்காரர்,
நாற்பது நிமிஷமாய்ப் பசியில்.
நர்ஸே எடுத்தாள்.
முதலில் அதட்டினாள், பிறகு என்னவோ சொன்னாள்,
பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
அவசரத்துக்கு யாரைக் கூப்பிட?
பிஷ்கெக்கில் இப்போது நடுராத்திரி.
அக்கா தூங்கட்டும்.
இந்த ஊரில் இன்று என்னைத் தேடியது
ஒரே ஒரு எண்.
இடது கையால் கோணல்மாணலாய் எழுதினேன்.

உறவுமுறை?
நர்ஸ் பேனாவைக் கடித்து யோசித்தாள்.
காலியாகவே விட்டாள்.

மாவுக்கட்டு இறுகும்போது சுடும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஆறாத சூப்பை
மடியில் வைத்திருப்பதுபோல் இருந்தது.